ஆராய்ச்சி அடுக்களைக்கு வரவேண்டும்

"காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை."

இந்த வார்த்தையைச் சொல்லாத தாய் நம்மவருள் யார்? மூன்று இரவு கண்விழித்துப் பிள்ளையின் நெற்றியிலே ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டவள், நான்காம் நாட் காலையில் அந்த நெற்றி குளிர்ந்திருக்கக் கண்டதும் ஆறுதலோடு சொல்லும் வார்த்தை இது. தலைமுறை தலைமுறையாக இதனை நாம் மெய்யென்றே நம்பி வந்திருக்கிறோம். ஆயின், கொழும்பு மாநகரிலே வாழும் நமக்கு இன்று இது முழுமெய்யன்று. டெங்குக் காய்ச்சலைப் பொறுத்தமட்டில், உடம்புச் சூடு தணியும் அவ்வேளையே சிலருக்கு ஆபத்துத் தொடங்கும் வேளையாகும்.

இதனை நாம் அறிந்துகொண்ட விதத்தை நினைக்குந்தோறும் எமக்கு வெட்கமே உண்டாகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்பு, கொட்டாஞ்சேனையிலிருந்து எமது வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன் காய்ச்சலென்று மூன்று நாள் வராதிருந்தான். நான்காம் நாள் வந்தான். முகம் வெளிறியிருந்தது. விசாரித்தோம். "காய்ச்சல் விட்டிட்டுது, சேர்" என்றான். இரண்டாம் பாடவேளையிலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைமீது சாய்ந்தான். கையைத் தொட்டுப் பார்த்தோம்; பனிபோற் குளிர்ந்திருந்தது. முச்சக்கர வண்டியொன்றை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். இரண்டு நாட்கள் உயிருக்குப் போராடி, மருத்துவரும் தாதியரும் இராப்பகலாகக் காத்து நின்றமையாற் பிழைத்தான்.

அன்று மாலை அவனுடைய தாயார் ஆஸ்பத்திரி விறாந்தையிலே நின்று அழுதார். "காய்ச்சல் விட்டிட்டுது எண்டுதானே, மாஸ்டர், பிள்ளையை அனுப்பினனான்" என்றார். பின்பு கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்து நீட்டினார். இரண்டு கிழமைக்கு முன்னர் வகுப்பிலே நாமே மாணவரிடம் பங்கிட்ட பிரசுரம் அது. "இதை வாசிச்சனான். இதிலே எங்கை, மாஸ்டர், காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் எண்டு சொல்லிக்கிடக்குது?"

அப்பொழுதுதான் நாம் அதனை முதன்முறையாகக் கருத்தூன்றி வாசித்தோம். அச்செய்தி அதிலே இருக்கத்தான் செய்தது. "காய்ச்சல் நீங்கு கட்டத்தின்போது திரவக் கசிவு நிகழக்கூடியதாகலின் நோயாளர் அவதானிக்கப்படல் வேண்டும்" என்று ஒரு வாக்கியம், ஒன்பதாவது வரியிலே அடங்கிக் கிடந்தது. தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கே அதனை இருமுறை வாசித்த பின்னர்தான் பொருள் புலப்பட்டது. எழுதியவர் பொய் எழுதவில்லை. பங்கிட்ட நாமும் தீங்கு எண்ணவில்லை. ஆயினும் அந்த உண்மை அந்த வீட்டுக்குள் நுழைந்தும் அந்தத் தாயிடம் போய்ச் சேரவில்லை.

உண்மை யாது?

வாசக அன்பர்கள் பொருட்டு அதனை முதலிற் சொல்லிவிடுவோம். டெங்குக் கிருமி உடம்பிற் புகுந்து முதற் சில நாட்கள் கடுங்காய்ச்சலை மூட்டுகின்றது. பெரும்பாலார் அதன்பின் தேறிவிடுவர். ஆனால் சிலருக்கு, காய்ச்சல் தணியத் தொடங்கும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்துவிடும். புதுப் பானையிலே ஊற்றிய நீர் புறத்தே கசிவது போல, இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களுக்கு வெளியே கசியும். ஒரு நாள் தொடக்கம் இரண்டு நாள்வரை இந்நிலை நீடிக்கலாம். குழாய்களுள்ளே நீர் குறையக் குறைய இரத்த அழுத்தம் வீழ்கின்றது, கைகால்கள் குளிர்கின்றன. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தப்போக்கு, சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை என்பன அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும், காய்ச்சல் விட்டிருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். காய்ச்சலைத் தணிக்கப் பரசிற்றமோலை உரிய அளவிலே கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை இரத்தப்போக்கை மிகுவிக்கக்கூடியன ஆதலின் அவற்றைக் கொடுத்தலாகாது. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.

தாய்லாந்து முதலிய நாடுகளின் மருத்துவர்கள் பல்லாண்டு காலம் நோயாளரின் கட்டிலருகே இருந்து மணிக்கு மணி அளந்து குறித்துக் கண்டறிந்த உண்மை இது. நம் நாட்டு மருத்துவர்களும் இதனைக் கற்றுத் தேர்ந்தமையாலன்றோ, 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவுற்றபோதும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் உயிர் தப்பினர்! அவ்வாண்டிலும் நோய் மிகுதியாகக் காணப்பட்ட மாவட்டம் கொழும்பே. ஆகவே ஆராய்ச்சி நடைபெற்றுவிட்டது; மருத்துவரும் அறிந்துவிட்டனர். குறைபட்டிருப்பது கடைசி நடை ஒன்றே: ஆஸ்பத்திரியிலிருந்து அடுக்களைக்கு உள்ள அந்தச் சிறு தூரம்.

ஒரு மருத்துவ உண்மையைக் கண்டுபிடித்தல் ஒரு பணி. அதனைச் சோதித்து நிலைநாட்டல் இன்னொரு பணி. ஒரு தாய் அதனைத் தன் சொந்த வார்த்தையிலே அயல்வீட்டாருக்குச் சொல்லும்படி செய்தல் மூன்றாவது பணி. இம்மூன்றாவது பணியை நாம் இலேசாக எண்ணிவிடுகின்றோம். அஃது அத்துணை இலேசானதன்று.

மானிப்பாயில் ஒரு முயற்சி

இப்பணியின் அருமையை உணர்ந்த ஒருவர் நம் நாட்டிலே ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்தார். கிறிஸ்துமதத்தைப் பரப்பும் சங்கமொன்றின் ஊழியராக வந்தவர் அவர். சமயத்தால் எம்மின் வேறானவர் என்பதனால் அவருடைய தமிழ்ப் பணியை மறத்தல் நன்றியன்று. மானிப்பாயிலே மருத்துவசாலை அமைத்து, நம் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். முதலிலே ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களிலே தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திலே கற்றவர் அதிக சம்பளம் நாடி அப்பாற் போய்விட, கிராமத்து நோயாளி மருந்தின்றி நிற்கும் நிலையை அவர் கண்டார்.

அதற்கு முதற்றடை நூலின்மை. மேனாட்டு மருத்துவத்தைப் படிக்கத் தமிழிலே நூல் ஏது? எனவே தாமே தமிழ் கற்று, தம் மாணாக்கரின் துணையோடு நூல்களை மொழிபெயர்க்கலானார். பேறுகாலம் பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857இல் வெளிவந்தது. அறுவைச் சிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. உடலமைப்பை விளக்கும் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெருநூல் 1872இல் வந்தது. இரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் 'கெமிஸ்தம்'. இப்பெயர்களைப் பார்த்தாலே அவர் சென்ற வழி விளங்கும். தமிழ் மக்கள் வழங்கிய சொல் கிடைத்தவிடத்து அதனைக் கொண்டார். வடசொல் தெரிந்ததாயின் அதனையும் ஏற்றார். இரண்டும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உடை உடுத்தினார். சொல்லின் குலத்தை அவர் பார்க்கவில்லை. அது கருத்தைச் சுமந்து செல்லுமா என்பதையே பார்த்தார். அவர் உருவாக்கி வெளியிட்ட தமிழ் மருத்துவப் பக்கங்கள் 4,000க்கு மேற்பட்டன. அவர் பயிற்றிய மருத்துவர் 60 பேருக்கு மேற்பட்டோர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியை விட்டாரல்லர். 1884இல் இறக்கும்வரை தமிழ் நூல்களோடேயே வாழ்ந்தார். கவிஞர் அம்பி அவர்கள் 'மருத்துவத் தமிழ் முன்னோடி' என்ற நூலினால் இப்பெரியாரை நம் தலைமுறைக்கு அறிமுகஞ் செய்துவைத்தார்.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிறீனுடைய பெருநூல்கள் மருத்துவ மாணவருக்கு உரியவை. அவற்றின் தமிழ் படித்தவர் தமிழ். மருத்துவரிடம் வந்த அறிவை வீட்டுப் பெண்களிடம் கொண்டுசெல்ல வேறொரு வகைத் தமிழ் வேண்டும். அந்த வகைப் பணிக்குச் சிறந்த உதாரணம் நம் அயல்நாடாகிய வங்காளதேசத்திலே கிடைக்கின்றது.

ஒரு சிட்டிகை உப்பு

கிறீன் காலத்து யாழ்ப்பாணத்தைப் பலமுறை வாட்டிய நோய் கொலரா என்னும் வாந்திபேதி. அந்நோயாளி இறப்பது பெரும்பாலும் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வடிந்து போவதனாலேயே. வெறும் நீரைக் குடிக்கக் கொடுத்தாற் குடல் அதனைப் போதிய அளவு ஏற்பதில்லை. ஆனால் உப்போடு அளவாகச் சீனியுஞ் சேர்த்துக் கொடுத்தால் குடல் ஏற்றுக்கொள்கின்றது. சீனி குடற்சுவரின் வாயிலைத் திறக்கிறது, உப்பு உட்செல்கிறது, அதன் பின்னே நீர் செல்கிறது. ஆராய்ச்சியாளர் இதனை 1960களிலே டாக்காவிலும் கல்கத்தாவிலும் தெளிவாகக் காட்டினர்.

1971ஆம் ஆண்டு வங்காளப் போரின்போது, எல்லைப்புறத்துப் பொங்கான் அகதி முகாமிலே கொலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துவிட்டது. அங்கிருந்த டொக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையாலேயே பருக்குவித்தார். நூற்றுக்கு 30 பேர்வரை மாண்ட அம்முகாமில், அவருடைய பராமரிப்பில் இருந்தவருள் இறந்தோர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயினர்.

இனி மூன்றாவது பணி வருகின்றது. 1980ஆம் ஆண்டு தொடங்கிப் 'பிராக்' என்னும் வங்காளதேசத் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள், பத்தாண்டு காலத்தில் 12,000,000க்கு மேற்பட்ட வீடுகளுக்கு நடந்து சென்றனர். கையிலே நூலில்லை, பொதியில்லை. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர். இவ்வளவே மருந்து. அளவுகோல் தாயின் கையே. ஊழியர் கரைத்துக் காட்டுவார். பின்பு தாய் கரைத்துக் காட்டவேண்டும். நாட்கள் சில கழிந்த பின்னர், மேற்பார்வையாளர் சில வீடுகளைத் தெரிந்து அத்தாய்மாரிடம் சென்று, என்ன நினைவிருக்கிறது என்று கேட்பர். தாய் சரியாகச் சொன்னாற்றான் ஊழியருக்கு முழுக் கூலி!

அன்பர்களே, இதனை ஆசிரியராகிய நாம் வாசித்தபோது சற்று நேரம் பேச்சற்றிருந்தோம். எத்தனை பிரசுரம் பங்கிட்டாய் என்று அவர்கள் கேட்கவில்லை. எத்தனை பேருக்கு விளங்கிற்று என்று கேட்டார்கள். எமது சம்பளமும் இம்முறையில் அளக்கப்பட்டிருப்பின், அந்தக் கொட்டாஞ்சேனைத் தாயின் வீட்டிற்காக எமக்கு ஒரு சதமும் கிடைத்திராது.

நம் நாட்டிலே இம்மருந்து 'ஜீவனி' என்ற பெயரோடு பாமசிகளிலே கிடைக்கின்றது. வெள்ளவத்தையிலே அது இல்லாத வீடு அரிது. ஆயின் பொதியைப் பாதி பாதியாகக் கரைப்பவரும், கிண்ணம் ஒன்றிலே முழுப் பொதியையும் கொட்டுபவரும் உளர். நீர் குறைந்தால் உப்பு மிஞ்சித் தீங்காகும். நீர் மிகுந்தாற் பயன் குறையும். பொதியிலே குறித்த அளவு கொதித்தாறிய நீரிலே முழுப் பொதியையுங் கரைப்பதுதான் முறை. வாயிலைத் திறப்பது சீனி, உட்செல்வது உப்பு என்ற காரணம் தெரிந்த வீட்டில் இப்பிழை நேர்வதில்லை. காரணத்தோடு சொன்னால் மறவாது; கட்டளையாகச் சொன்னால் நிலையாது.

சீட்டுக் குலுக்கிக் கண்ட உண்மை

மாணவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "இந்த மருந்து நல்லது என்று எப்படித் தெரியும், சேர்? ஒருவர் குடித்தார், சுகமானார் என்றாற் போதாதா?" போதாது. மருந்து குடியாமலே சுகமாகுபவர் பலர். ஆகவே நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்குப் புதுமருந்தும் மற்றக் கூற்றாருக்கு வழமையான பராமரிப்பும் கொடுத்து ஒப்பிடுகின்றனர். யார் எந்தக் கூறு என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தெரியலாகாது; தெரிந்தால், தேறக்கூடியவரையே தம் மருந்தின் பக்கம் சேர்த்துவிடுதல் கூடும். நம்மூர்க் கோயில்களிலே பட்சபாதம் நேராதபடி திருவுளச்சீட்டுப் போடுகின்றோமே, அதே முறைதான். சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதையே அறிஞர் எழுமாற்றுச் சோதனை என்கின்றனர்.

இத்தகைய சோதனைகள் உலகிலே ஆயிரமாயிரம் நடைபெறுகின்றன. அவற்றையெல்லாம் திரட்டி நிறுத்துப் பார்ப்பவர் இல்லையே என்று வருந்தியவர் ஆச்சி கொக்கிறேன் என்னும் பிரித்தானிய மருத்துவர். 1988இல் அவர் மறைந்தார். அவர் பெயரைக் கொண்ட நிறுவனம் 1993இல் ஒக்ஸ்போட்டிலே தொடங்கப்பெற்றது. அதன் சின்னத்திலே ஒரு சோகக் கதை வரையப்பட்டுள்ளது. மாதம் முற்றாமற் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்திராது. மூச்சுத் திணறி இறப்பதுண்டு. அவ்வாறு பிரசவிக்கக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே விலை மலிந்த ஒரு மருந்தை ஊசியாக ஏற்றினால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும். இதனை நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரிலே இரு மருத்துவர் செய்த சோதனை 1972இல் வெளியாயிற்று. தொடர்ந்து பல நாடுகளிலும் சோதனைகள் நடந்தன. தனித்தனியே பார்த்தபோது சில ஐயத்துக்கிடமாயிருந்தன. ஒன்று சேர்த்துப் பார்த்தபோதோ, அக்குழந்தைகளின் இறப்பு மூன்றிலொரு பங்கு தொடக்கம் பாதிவரை குறைவது தெளிவாயிற்று. ஆனால் அவ்வாறு சேர்த்துப் பார்த்த மதிப்பீடு வெளிவந்தது 1989இல்!

இதனை வகுப்பிலே சொன்னபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "அந்தப் பதினேழு வருடத்திலும் பிறந்த பிள்ளைகள், சேர்?" என்றான். உலகெங்கும் அந்த ஊசி கிடையாமற்போன குழந்தைகள் பல்லாயிரம் என்பதைத் தவிர எம்மிடம் வேறு மறுமொழி இருக்கவில்லை.

கொக்கிறேன் நிறுவனம் தன் ஆய்வு ஒவ்வொன்றின் தலைப்பிலும், மருத்துவரல்லாதாருக்காக எளிய மொழிச் சுருக்கமொன்றைச் சேர்க்கின்றது. அவற்றுட் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. எம் மாணவருக்கு இவற்றை அறிமுகஞ் செய்யத் தொடங்கியபோதுதான், எளிய மொழி எத்துணை அரிய மொழி என்பது எமக்கு விளங்கிற்று. "இதற்குத் தரக்குறைவான ஆதாரமே உண்டு" என்று ஆங்கிலத் தொடரொன்றை நாம் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கூறினோம். மாணவர் அதனைக் கள்ளச் சாட்சி என்று விளங்கிக்கொண்டனர்! சோதனைகள் சிறியன, சிலவே. நாளை பெரிய சோதனை நடந்தால் முடிவு மாறக்கூடும் என்பதே அதன் கருத்து. அவ்வாறு விரித்துச் சொன்ன பின்னரே தெளிந்தனர். நிச்சயமானதை நிச்சயமென்றும், ஐயமானதை ஐயமென்றும் சொல்வதே நேர்மை. ஐயத்தை மறைத்துச் சொன்னால், முடிவு மாறும் நாளிலே மக்கள் மருத்துவத்தையே நம்பாது விடுவர்.

உண்மை விளங்காத இடத்திலே வெற்றிடம் நிலைப்பதில்லை. வேறொன்று வந்து அமர்ந்துகொள்ளும். 2020 டிசம்பரிலே, கொவிட் பரவிக்கொண்டிருந்த வேளையில், தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணி அந்நோயைத் தடுக்குமென்று கேள்வியுற்று, கேகாலைப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றனர். அவர்களைப் பேதைகள் என்று நகைத்தல் எளிது. பாணியைப் பற்றிப் பேசியவர் அவர்களுக்கு விளங்கும் வார்த்தையிலே பேசினார். நோயைப் பற்றிப் பேசிய நாம் அவ்வாறு பேசினோமா என்று எம்மையே கேட்டுக்கொள்ளுதல் அரிது.

எண்கள் செய்யும் மயக்கம்

சொல்லைப் போலவே எண்ணும் மயக்கும். 2015 ஒக்டோபரிலே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைக்கும் பொருட்களின் முதல் வரிசையிலே சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்போருக்குப் பெருங்குடற் புற்றுநோய் வருவது நூற்றுக்கு 18 வீதம் அதிகரிக்கும் என்றும் கூறியது. புகையிலையும் அதே வரிசையில் இருப்பதால், இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று உலகெங்கும் செய்தி பரவியது.

அஃது அவ்வாறன்று. அவ்வரிசை, தீங்கு உண்டு என்பதற்குச் சாட்சி எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுவதேயன்றித் தீங்கின் பருமனைக் காட்டுவதன்று. 18 வீதம் என்பதும் நூறு பேரிற் பதினெட்டுப் பேர் என்பதன்று. பிரித்தானிய நாட்டுக் கணக்கின்படி, சாதாரணமாக நூறு பேருள் 6 பேருக்கு வாழ்நாளில் அந்நோய் வருகிறது. அந்த நூறு பேரும் நாள்தோறும் அவ்வளவு உண்டால் ஏறக்குறைய 7 பேருக்கு வரும். ஆறு ஏழாவதே அந்தப் பதினெட்டு வீதம். இதனையறிந்த குடும்பம் சொசேஜசைக் குறைத்துக்கொள்ளும்; ஆனால் நேற்று உண்டதற்காக நித்திரையின்றிக் கிடவாது. மரக்கறி உண்பவராகிய எமக்கு இதனால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை; கணக்கு மாத்திரம் சரியாயிருத்தல் வேண்டும்.

ஆகவே, பத்திரிகையிலோ தொலைபேசித் திரையிலோ ஒரு மருத்துவச் செய்தி கண்டால், மாணவரும் பெற்றோரும் நான்கு கேள்வி கேட்கப் பழகுதல் நன்று. இச்சோதனை மனிதரிடத்து நடந்ததா, எலியிடத்து நடந்ததா? எதனோடு ஒப்பிட்டார்கள்? நூறு பேரில் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீமை? இதனை நமக்குச் சொல்பவருக்கு இதனால் வரும் இலாபம் யாது? இந்நான்குக்கும் விடையில்லாத செய்தியை அயலாருக்கு அனுப்பாதிருத்தலே ஒரு தொண்டு.

அடுக்களைத் தமிழ்

அந்த மாணவன் குணமடைந்து வந்த பின்னர், நாம் அவ்வகுப்பாரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தோம். பழைய பிரசுரத்தை ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தமிழிலே திருப்பி எழுதி, வீட்டிலுள்ள மூத்த பெண்ணொருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கேட்டதை மறைவாக வைத்துவிட்டுத் தம் வார்த்தையிற் சொல்ல வேண்டும். சொல்லமுடியாதவிடத்துப் பிழை எழுதியவனுடையது, கேட்டவருடையதன்று.

வந்த முதற் பாடம் சொல் பற்றியதே. 'நுளம்பு' என்று வெள்ளவத்தை மாணவன் எழுதினான். மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையிற் குடியேறிய வீட்டிலே அதற்குக் 'கொசு' என்று பெயர். இருவரும் ஒரே தமிழர், ஒரே நகரத்தார். ஒரு சொல்லை வைத்து எழுதினால் ஒரு வீடு வெளியே நின்றுவிடும். இரண்டையும் எழுதினர். 'அவதானிக்கப்படல் வேண்டும்' என்பது மூன்று முறை மாறி, 'பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மூத்திரம் போகிறதா என்று பாருங்கள்' என்றாயிற்று. மூத்திரம் என்று எழுதலாமா என்று சிலர் கூசினர். ஒரு மாணவனின் அம்மம்மா, "அதைச் சொல்லக் கூசினால் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுறது?" என்று தீர்ப்புக் கூறிவிட்டார்.

இறுதியாக எது முதல் வரியாக வரவேண்டும் என்ற வாதம் எழுந்தது. நுளம்பை ஒழிப்பது பற்றிய வரியே முதலில் வரவேண்டும் என்றனர் பலர். பழைய பிரசுரத்திலும் அதுவே முதல் வரி. முன்பு விறாந்தையிலே எம்மைக் கேட்ட அந்தத் தாயாரிடமே இதனைக் கொண்டு சென்றோம். அவர் வாசித்துவிட்டு, ஒரு வரியைத் தம் வாயாலே சொன்னார். மாணவர் அப்படியே எழுதிக்கொண்டனர்.

"டெங்கிலே காய்ச்சல் இறங்கினால் வருத்தம் இறங்கினதெண்டு நினையாதேங்கோ. அப்பதான் பிள்ளையைப் பார்க்கவேணும்."

இலக்கணம் கற்பிக்கும் நாம் அவ்வரியில் ஓரெழுத்தையும் திருத்தவில்லை. அதுவே முதல் வரியாயிற்று. இப்பொழுது ஒவ்வோராண்டும் மழைக்காலம் தொடங்குமுன் அத்தாளைப் புதிதாகப் படியெடுத்து வகுப்பிலே கொடுக்கின்றோம். கொடுக்குமுன் உரத்து வாசிக்கின்றோம். வாசித்தபின் ஒருவனை எழுப்பி, "நீ வீட்டிலே என்ன சொல்லப் போகிறாய், சொல் பார்ப்போம்" என்று கேட்கின்றோம்.